அண்ணி பாடிய அரை நிமிடம்

அறுபதுகளின் நடுவில் காஞ்சிபுரத்தில் ஒரு மைக் செட் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா, கட்சிக் கூட்டம் எதுவானாலும் குழாய் ஒலிபெருக்கியை மரத்தில் கட்டி ரெக்கார்டு போடுவது என் வேலை. எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் தறி. எங்கள் வீட்டில் அண்ணன் நெய்தான். எனக்குத் தறிக் குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்தால் பத்து நிமிடத்தில் இடுப்பு கடுத்துவிடும். உடம்பு வாகு அப்படி என்று அம்மா வெளியாரிடம் சொல்வாள். சோம்பேறி என்பதை அவள் அவ்வளவு நாகரிகமாகச் சொன்னது அந்த ஒரு விஷயத்தில்தான்.

கடையில் சேர்ந்து இரண்டு வருடத்துக்குள் நான் பாட்டு விஷயத்தில் பெரிய ஆளாகிவிட்டேன். எந்தப் பாட்டு எந்தப் படம், யார் எழுதியது, யார் மெட்டமைத்தது, இசைத்தட்டின் மறுபக்கத்தில் என்ன பாட்டு, எல்லாம் நுனிநாக்கில் இருக்கும். ஊசியை வைத்ததும் வருகிற முதல் வயலின் கீற்றிலேயே பாட்டைச் சொல்லிவிடுவேன். டீக்கடையில் பந்தயம் கட்டுவார்கள். ஒரு பாடகர் எந்த வார்த்தையின் நடுவில் மூச்சு வாங்கினார் என்றுகூட என்னால் சொல்ல முடியும். இதனால் யாருக்கு என்ன பிரயோசனம் என்று அம்மா கேட்பாள். யாருக்கும் ஒரு பிரயோசனமும் இல்லை. ஆனால் மைக் பிடித்துப் பேசுகிறவனுக்குத் தெருவில் ஒரு மரியாதை இருந்தது. அந்த மரியாதை எனக்குப் பிடித்திருந்தது.

அண்ணி சென்னையிலிருந்து வந்தவள். அவளுடைய அப்பா எங்களுக்குத் தூரத்து உறவு. இளம் வயதிலேயே தறியை விட்டுவிட்டு வயலின் கற்றுக்கொண்டு, சினிமா ஒலிப்பதிவுகளில் வாசிக்கப் போய்விட்டவர். பத்து இருபது வயலின்கள் சேர்ந்து வாசிக்கும்போது கடைசி வரிசையில் உட்காருகிறவர். மகளையும் பத்தொன்பது வயதில் கோரஸ் பாட அழைத்துப் போயிருக்கிறார். இரண்டு வருடம் பாடியிருக்கிறாள். அண்ணியின் அம்மா முன்பே தவறிவிட்டாள். அந்த மனிதரும் அண்ணியை எங்கள் வீட்டில் கட்டிக்கொடுத்த மறு வருடம் போய்ச் சேர்ந்தார். ஆக, அண்ணிக்குப் பிறந்த வீடு என்று ஒன்று இல்லை.

அம்மாவுக்கு இந்தச் சம்பந்தத்தில் மனக்குறை இருந்தது. "தறியை உட்டுட்டு ஃபிடிலைத் தூக்கிக்கினு போனவன் பொண்ணு" என்பாள். ஸ்டுடியோவுக்கு கோரஸ் பாடத்தான் போனாளா, வேறு எதற்காவது போனாளா என்று தெருக்குழாயடியில் இரண்டு பேர் பேசினால் அதை அம்மா மறுத்துப் பேச மாட்டாள். அண்ணன் மறுப்பானா என்றால், அவன் வாயைத் திறப்பதே சாப்பிடும்போதுதான்.

எனக்கோ அண்ணி வந்தது புதையல் கிடைத்தது போல. காலையில் அவள் ராட்டினத்தில் தறி நாடாவுக்கான நூலைத் தார் சுற்றிக்கொண்டிருப்பாள். நான் எதிரில் டீ டம்ளரோடு உட்கார்ந்து கேள்வி மேல் கேள்வியாகக் கேட்பேன். குதிரைக் குளம்பொலிக்கு இரண்டு தேங்காய்ச் சிரட்டையைத் தட்டுவார்கள் என்று அவள்தான் சொன்னாள். எல்லாரும் ஒன்றாகப் பாடி, ஒன்றாக வாசித்து, ஒரே மூச்சில் பதிவாக வேண்டும். ஒருவர் தப்பு செய்தால் எல்லாரும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இருபதாவது தடவையில் தப்பு செய்த தபலாக்காரர் ஒருவர் அழுதேவிட்டாராம். ஒரு பாட்டின் பல்லவியை ஒருவர் எழுதி, சரணத்தை இன்னொருவர் எழுதி, தட்டில் ஒரே ஒருவர் பெயர் வந்த கதையையும் சொன்னாள். புல்லாங்குழல்காரர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வரும்வரை நாற்பது பேர் காத்திருந்ததைச் சொல்லும்போது அவளே விழுந்து விழுந்து சிரித்தாள்.

இதையெல்லாம் நான் கடையில் என் சரக்காக விற்றேன். அண்ணி சொன்னாள் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. அவள் சொன்னதில் ஒன்றைக்கூடச் சந்தேகப்பட்டதும் இல்லை.

தார் சுற்றும்போது அவள் வாய்க்குள் முனகிக்கொண்டே இருப்பாள். வார்த்தை இருக்காது. ஒவ்வொரு அடியையும் முடிக்கிற இடத்தில் குரலை லேசாக மேலே தூக்கி விடுவாள், ஏதோ கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்காக நிற்கிற மாதிரி. ஒரு நாள் அப்படி முனகியது எனக்குத் தெரிந்த மெட்டாக இருந்தது. ஒரு வாரம்கூட ஓடாத ஒரு படத்தின் பாட்டு. ரேடியோவில் எப்போதாவது வரும். அதிலும் அறிவிப்பாளர் பேசி முடிப்பதற்குள் தொடக்கம் போய்விடும்.

"இந்தப் பாட்டு உங்களுக்கு எப்டித் தெரியும் அண்ணி?" என்றேன்.

"ஆரம்பத்துல ஒரு ஹம்மிங் வரும் பாரு, அது நான்தான்பா."

டம்ளரை வைத்துவிட்டேன். "கோரஸா?"

"ஆறு பேரு போயிருந்தோம். அப்புறம் என்னை மட்டும் முன்னாடி வந்து நிக்கச் சொன்னாங்க. மைக்குக் கிட்ட நின்னது அந்த ஒரு தபாதான். அப்பா பின்னாடி வயலினை வச்சிக்கினு என்னையே பார்த்துக்கினு இருந்தாரு. படம் வந்தப்போ ரெண்டு பேரும் போயிப் பார்த்தோம்." அவள் ராட்டினத்தை நிறுத்தாமல்தான் சொன்னாள். "அந்த அம்மாவோட குரல்னுதான் எல்லாரும் நெனச்சிக்குவாங்க. நெனச்சிக்கட்டும், அதுவும் நல்லாத்தானே இருக்குது."

அவள் சொன்ன அந்த அம்மா அப்போது ஊரே கொண்டாடிக்கொண்டிருந்த பாடகி.

இரண்டு வருடம் கழித்து அண்ணி உண்டாகியிருந்தாள். ஏழாம் மாதம் வளைகாப்பு. பிறந்த வீட்டிலிருந்து வந்து செய்ய ஆளில்லை என்பதால் எங்கள் வீட்டிலேயே வைத்தார்கள். அவளுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அந்தத் தட்டைத் தேடினேன். எங்கள் கடையில் இல்லை. வாலாஜாபாத்தில் விசாரித்தேன், செங்கல்பட்டில் விசாரித்தேன். கடைசியில் சென்னையில் ஒரு பழைய சாமான் கடையில், ஓரம் சிறிது உடைந்த ஒரு பிரதி கிடைத்தது. வாங்கிக்கொண்டு வந்து சட்டைகளுக்கு அடியில் ஒளித்துவைத்தேன். கேட்டுப் பார்க்கவில்லை. தெருவே கேட்கும்போது நானும் அந்தத் தொடக்கத்தை முதன்முதலாகக் கேட்க வேண்டும் என்று ஆசை. என் வாழ்க்கையில் நான் நல்லெண்ணத்தோடு செய்த காரியங்களில் இதுதான் முதலில் நினைவுக்கு வருகிறது. வேறு ஏதாவது வரக் கூடாதா என்று இருக்கிறது.

முதலாளி மைக் செட்டை இலவசமாகக் கொடுத்தார். பந்தலில் அண்ணி இரண்டு கை நிறைய வளையலோடு உட்கார்ந்திருந்தாள். கன்னத்தில் சந்தனம். தெருப் பெண்கள் எல்லாரும் இருந்தார்கள். குழாயடிப் பேச்சுப் பேசியவர்களும் இருந்தார்கள். அவர்களுக்காகத்தான் நான் அவ்வளவு மெனக்கெட்டது. மைக்கை எடுத்தேன்.

"இப்போ ஒலிக்கப்போற பாட்டோட ஆரம்பத்துல வர்ற குரல் யாரோடதுன்னு தெரிஞ்சா ஆச்சரியப்படுவீங்க. எங்க அண்ணியோடது."

அண்ணி தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். அப்படி ஒரு சந்தோஷத்தை அவள் முகத்தில் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. ஊசியை வைத்தேன்.

வயலின்கள் வந்தன. நாலே நாலு கீற்று. உடனே அந்தப் பெரிய பாடகி பல்லவியை எடுத்துவிட்டார். ஹம்மிங் என்று ஒன்றும் இல்லை. இடையில் வருமோ என்று காத்திருந்தேன். பாட்டு முடிந்து ஊசி வெறுமனே உரசிக்கொண்டிருந்தது. கூட்டம் என்னைப் பார்த்தது. யாரோ ஒரு பெண், "எங்கேப்பா உங்க அண்ணி?" என்றாள். சிரிப்பு கிளம்பியது.

அந்த இடத்தில் நான் சும்மா இருந்திருக்கலாம். தட்டு கீறல் விழுந்தது என்று ஏதாவது சொல்லியிருக்கலாம். ஆனால் சிரிப்பு என்னைப் பார்த்துத்தான் வருகிறது என்று எனக்குப் பட்டது. பாட்டு விஷயத்தில் என்னைப் பார்த்து யாரும் சிரித்ததில்லை. தட்டை எடுத்து நடுவில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தேன். கோரஸ் இருந்தால் 'குழுவினர்' என்று போட்டிருப்பார்கள். இதில் பாடகியின் பெயர் மட்டும்தான் இருந்தது. மைக்கில் சொன்னேன்:

"தப்பு என்னோடது இல்லீங்க. இந்தப் பாட்டுல கோரஸே கிடையாது. லேபிள்லயே தெளிவாப் போட்டிருக்குது. இது முழுக்க அந்த அம்மா ஒருத்தரே பாடினது. அண்ணி வேற எதையோ நெனச்சிக்கினு சொல்லிட்டாங்க போல."

குழாய் ஒலிபெருக்கி வேப்பமரத்தில் கட்டியிருந்தது. தெருக்கோடிவரை கேட்டது.

அண்ணி, "இது இல்லப்பா, இது வேற மாதிரி இருக்குது" என்றாள். பக்கத்தில் இருந்தவர்களுக்குத்தான் கேட்டது. அவர்கள் அதற்கும் சிரித்தார்கள். நான் அடுத்த தட்டைப் போட்டேன்.

அன்றைக்கு அண்ணியிடமிருந்து நான் பறித்தது ஒரு பாட்டை மட்டும் அல்ல என்று புரிய எனக்கு ஒன்றரை மாதம் ஆனது. குழாயடியில் அவளுக்குப் பட்டப்பெயரே ஹம்மிங் ஆயிற்று. உலையில் உப்புப் போட்டேன் என்று அவள் சொன்னால் அம்மா, "நெசமாவே போட்டியா, இல்ல அந்தப் பாட்டு மாதிரியா?" என்பாள். அண்ணன்கூட ஒரு தடவை சிரித்தான். சென்னையில் அவள் என்ன செய்தாள் என்கிற பேச்சு இப்போது குழாயடியில் மெல்லப் பேசப்படவில்லை. ஸ்டுடியோ பாட்டு பொய் என்று கொழுந்தனே மைக்கில் சொல்லிவிட்டானே, இன்னும் என்ன மறைக்க இருக்கிறது? அண்ணி தார் சுற்றும்போது முனகுவதை நிறுத்திவிட்டாள். ராட்டினத்தின் சத்தம் மட்டும் கேட்கும். நான் டீ டம்ளரை எடுத்துக்கொண்டு வாசலில் போய் உட்கார்ந்து குடித்தேன்.

எட்டாம் மாதம் முடியும் சமயம், வைகாசி. பெருமாள் கோயில் திருவிழா. கடையில் எங்களுக்கு மூச்சு விட நேரமில்லை. ஒரு நாள் காலையில் அண்ணி அம்மாவிடம், "அத்தே, நேத்துலருந்து கொழந்தை அசையவே இல்ல" என்றாள்.

அம்மா தறிக்கு இழை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை. "கடைசியில அப்டித்தான் எடம் பத்தாம சும்மா கெடக்கும். எல்லாத்தையும் பெருசு பண்ணாத. நீ சொல்றதை வச்சி நாங்க ஒரு தபா தெருவுக்கே சிரிப்பானது போதும்."

அண்ணன் தறியில் இருந்தான். குறுக்கே ஓடும் நாடா நிற்கவில்லை.

அண்ணி என்னிடம் வந்தாள். நான் சைக்கிளில் ஒயர்ச் சுருளைக் கட்டிக்கொண்டிருந்தேன். "தம்பி, ஒரு ரிக்‌ஷா கூட்டிக்கினு வர்றியா? ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வந்துட்டா மனசு நிம்மதியா இருக்கும்" என்றாள்.

அம்மா சொன்னது என் காதிலும் விழுந்திருந்தது. அண்ணி பொய் சொல்கிறாள் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் முழுக்க நம்பவும் இல்லை. அந்தத் தட்டு ஓடிய நாளிலிருந்து அவள் எது சொன்னாலும் எனக்குள் ஒரு ஓரத்தில், இருக்குமா என்று ஒரு கேள்வி வந்தது. "அம்மாவைக் கேட்டுக்கினு சாயங்காலம் போலாம் அண்ணி. கோயில்ல ஆள் காத்துக்கினு இருக்காங்க" என்று சைக்கிளை எடுத்தேன். சாயங்காலம் நான் மறந்துபோனேன். மறந்துபோனேன் என்பதும் முழு உண்மை இல்லை. ஞாபகம் வந்தது, இனிமேல் எங்கே என்று இருந்துவிட்டேன்.

இரண்டாம் நாள் அவள் யாரிடமும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் தனியாக நடந்து அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள். பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துவிட்டு வந்து சொன்ன பிறகுதான் நாங்கள் ஓடினோம். குழந்தை வயிற்றுக்குள்ளேயே இறந்திருந்தது. ஆண் குழந்தை. அண்ணன் ஆஸ்பத்திரிச் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதான். முந்தியே வந்திருந்தால் பிழைத்திருக்குமா என்று நர்ஸிடம் கேட்டேன். அதை இப்போது யார் சொல்ல முடியும் என்றாள். அவள் நல்ல மனசோடுதான் அப்படிச் சொன்னாள். பிழைத்திருக்காது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அதைப் பிடித்துக்கொண்டு இத்தனை காலத்தை ஓட்டியிருப்பேன்.

வீட்டில் யாரும் யாரையும் எதுவும் சொல்லவில்லை. விதி என்றாள் அம்மா. அண்ணி ஒரு மாதத்தில் மறுபடி ராட்டினத்தில் உட்கார்ந்தாள். கேட்டதற்குப் பதில் சொல்வாள். தானாக ஒரு வார்த்தை பேச மாட்டாள். நான் டீக்கடைப் பந்தயங்களை விட்டுவிட்டேன். யாராவது பாட்டைப் பற்றிக் கேட்டால் தெரியாது என்று சொல்லப் பழகிக்கொண்டேன்.

மூன்று வருடம் போயிருக்கும். தாமல் பக்கம் ஒரு கோயில் திருவிழாவுக்கு மைக் செட் கட்டப் போயிருந்தேன். ஊருக்கு வெளியே டூரிங் கொட்டகை. பழைய படங்களாகக் கொண்டுவந்து ஓட்டுவார்கள். சுவரொட்டியில் அந்தப் படத்தின் பெயரைப் பார்த்ததும் கால் தானாக நின்றது. அன்று முதல் ஆட்டத்துக்குப் போய் மணலில் உட்கார்ந்தேன்.

இடைவேளைக்குப் பிறகு அந்தப் பாட்டு வந்தது. கதாநாயகி ஆற்றங்கரையில் நிற்கிறாள். வாயைத் திறக்கவில்லை. வயலின் இல்லை, எதுவும் இல்லை. ஒரு பெண் குரல் மட்டும் எழுந்தது. வார்த்தை இல்லாத குரல். தண்ணீரையும் படகையும் காட்டிக்கொண்டே போகிறார்கள், அந்தக் குரல் தனியாக வந்துகொண்டே இருக்கிறது. ஒவ்வொரு அடி முடிகிற இடத்திலும் லேசாக மேலே தூக்கிக் கேள்வி கேட்டு நின்றது. அரை நிமிடம் இருக்கும். அதற்கப்புறம்தான் வயலின்கள் வந்தன, அந்தப் பெரிய பாடகி பாடத் தொடங்கினார்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் முறுக்கு தின்றுகொண்டிருந்தார். நான் வாய்விட்டு அழுததைப் பார்த்து, "சோகக் கட்டம் இன்னும் வரவேயில்லையே" என்றார். அந்த வயலின்களில் ஒன்று அண்ணியின் அப்பாவுடையது என்ற நினைப்பும் அப்போதுதான் வந்தது.

மறுநாள் கடையில் முதலாளியிடம், படத்தில் இருப்பது தட்டில் இல்லாமல் போகுமா என்று பொதுவாகக் கேட்பதுபோலக் கேட்டேன். அவர் மூக்குப்பொடியைப் போட்டுக்கொண்டே, "படத்துக்கு ஒரு நாள் எடுப்பான், தட்டுக்கு வேற ஒரு நாள் தனியாப் பாட வச்சி எடுப்பான். தட்டுல மூணரை நிமிஷந்தானே ஏறும்? ஹம்மிங்கைத் தூக்கிடுவான், ஒரு சரணத்தையும் தூக்கிடுவான். நீ பெரிய ஆராய்ச்சிக்காரனாச்சே, இதுகூடத் தெரியாதா?" என்றார். தெரியாது. வருடக்கணக்காகத் தட்டை மட்டுமே கேட்டுக்கொண்டிருந்த எனக்குத் தட்டில் இருப்பதுதான் பாட்டு. எங்கள் தொழிலில் இருக்கிறவனுக்குத்தான் இப்படி ஒரு தப்பு வாய்க்கும். படம் பார்க்கிற சாதாரண ஆள் எவனும் இதைச் செய்திருக்க மாட்டான்.

வீட்டுக்குப் போனேன். அண்ணி அடுப்படியில் கேழ்வரகுக் களி கிளறிக்கொண்டிருந்தாள். அண்ணன் தறியில். அம்மா வாசலில் குழாயடிப் பெண்கள் இரண்டு பேரோடு பேசிக்கொண்டிருந்தாள். நான் அடுப்படி வாசற்படியில் நின்றேன்.

"அண்ணி, தாமல்ல அந்தப் படம் பார்த்தேன்."

"ம்."

"ஆரம்பத்துல வர்றது நீங்கதான். ரெக்கார்டுக்குத் தனியா எடுத்திருக்காங்க. அதுல அதை உட்டுட்டாங்க. எனக்குத் தெரியாமப் போச்சு."

அவள் களியைக் கிளறுவதை நிறுத்தவில்லை. "நல்லா இருந்துதா?" என்றாள்.

"ரொம்ப நல்லா இருந்துது அண்ணி. என்னை மன்னிச்சிடுங்க. நான்தான் எல்லாத்துக்கும்..."

அவள் சட்டியை இறக்கி வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு என்னை நேராகப் பார்த்தாள். அந்த மூன்று வருடத்தில் அவள் என்னை நேராகப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"நான் பாடினேன்னு எனக்குத் தெரியும்பா. அதை எனக்கு நீ வந்து சொல்ல வேணாம்" என்றாள். "அன்னிக்குத் தெருவுக்கே கேக்குற மாதிரி சொன்னியே. இன்னிக்கு என்னாத்துக்கு இப்டி மெல்லமாச் சொல்ற?"

வாசலில் அம்மாவின் பேச்சு கேட்டது. உள்ளே அண்ணனின் தறி ஓடிக்கொண்டிருந்தது. இருவரும் கூப்பிடு தூரத்தில்தான் இருந்தார்கள்.

"அம்மா காதுல விழுந்தா..." என்று ஆரம்பித்தேன். அதையும் மெல்லத்தான் சொன்னேன்.